சுவாமியைப் பிறகு கூப்பிடலாம் என்பது: இளம் கத்தோலிக்கர் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்ற தவக்காலத்து வெள்ளி ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து ஆலய முற்றத்தில் வாங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் இளைஞர் ஒன்றியத்தின் புதிய செயலாளரான தம்பி தன் அப்பப்பா மூன்று நாளாகக் கஞ்சிகூடக் குடிக்கவில்லை என்று சொன்னார். சுவாமிக்கு, அதாவது பங்குத்தந்தைக்கு, அறிவித்தீர்களா என்று கேட்டேன். "இல்லை அண்ணா. சுவாமி வந்தால் அவர் பயந்துவிடுவார். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம்" என்றார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் சொன்னதும் ஏறத்தாழ இதே சொற்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். பூசைக்குப் பிந்தி வருவதையும் பிரசங்க வேளையில் கைபேசி பார்ப்பதையும் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்கள் வேண்டிய மட்டும் சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆவணித் திருவிழாவோடு ஆண்டை முடித்துக்கொள்வது

ஆவணி (ஓகஸ்ட்) 15ஆம் திகதித் திருவிழாவுக்காக மடு அன்னையின் திருத்தலத்துக்கு நடந்து போகிறோம், மரத்தடியில் கூடாரம் அடித்துத் தங்குகிறோம், அன்னையின் மண்ணைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புகிறோம். அடுத்த ஞாயிறு சொந்த ஊர் ஆலயத்தில் நம் இடம் வெறுமையாக இருக்கிறது. மடுவில் பெற்ற பாவசங்கீர்த்தனமும் நன்மையும் (நற்கருணையும்) ஓராண்டு முழுவதற்கும் போதுமென்று எந்த மறைக்கல்வியிலும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

நோயாளிக்குச் சுவாமியை அழைக்கத் தயங்குவது

இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் மற்றத் தவறுகளைப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்துவதற்கு வழியே இல்லை.

என் அம்மம்மா வைத்தியசாலையில் இருந்தபோது எனக்கு 23 வயது. அம்மா வயலில் நின்றதால் அவருக்குத் துணையாக நான் இருந்தேன். சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்த செபமாலையை அவிழ்க்கத் தெம்பில்லாமல், முடிச்சோடு சேர்த்தே மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை என்று, "தம்பி, சுவாமியைக் கூப்பிடு" என்று மூன்று தடவை கேட்டார். "உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மம்மா, வீட்டுக்குப் போனதும் கூப்பிடலாம்" என்று மூன்று தடவையும் சொன்னேன். அவருக்குத் தைரியம் கொடுப்பதாகவே நினைத்தேன். விடியும் முன் அவர் போய்விட்டார். காலையில் வந்த சுவாமி அவருக்காகச் செபித்தார், எங்களைத் தேற்றினார். ஆனால், அருட்சாதனங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கே உரியவை என்பதால், நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெயை அவருக்குப் பூச முடியவில்லை. சட்டைப்பையில் கைபேசி இருந்தும், மூன்று முறை கேட்டவருக்கு அதை எடுக்காமல் இருந்தேனே என்று இன்றும் என்மீது எனக்குக் கோபம் வருகிறது.

இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பழைய பெயரிலேயே அதன் வேர் இருப்பது தெரியும். நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசும் இந்த அருட்சாதனத்தை நம் பெரியவர்கள் அவஸ்தைப் பூசுதல் என்றார்கள். அவஸ்தை என்றால் மரணத் தறுவாய். எண்ணெய் பூசினால் ஆள் தப்பாது என்ற பேச்சு அந்தப் பெயரோடு ஊருக்குள் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, இது கடைசி மூச்சில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்றும், நோயினாலோ முதுமையினாலோ ஒருவர் ஆபத்து நிலைக்கு உட்படத் தொடங்கும்போதே இதைப் பெறுவதற்குத் தகுந்த காலம் வந்துவிட்டது என்றும் தெளிவாகக் கூறிற்று. 1972 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்குமுறையையும் புதுப்பித்தார். நோயில் பூசுதல் என்ற பெயர் அதன் பொருளைச் சரியாகவே சொல்கிறது: யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில், உங்களுள் நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும் என்றுதான் எழுதினார், உயிர் பிரியும்வரை காத்திருக்கட்டும் என்று எழுதவில்லை.

கடும் நோயின் பொருட்டுச் சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் இதைப் பெறலாம். குறிப்பிட்ட நோய் இல்லாவிட்டாலும் தளர்ந்துபோன முதியவர் பெறலாம். ஒருமுறை பெற்றுச் சுகமானவர் மீண்டும் கடுமையாக நோயுற்றாலோ, அதே நோய் முற்றினாலோ மறுபடியும் பெறலாம். நினைவிழந்து கிடப்பவரும், நினைவோடு இருந்தபோது விரும்பியிருப்பார் என்று கருத இடமிருந்தால், பெறலாம். ஆனால் நினைவு இருக்கும்போதே அழைத்தால் அவர் பாவசங்கீர்த்தனம் செய்வார், நன்மை வாங்குவார், தம் வாயாலேயே ஆமென் சொல்வார். தாமதத்தால் முதலில் பறிபோவது அதுதான்.

வன்னியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே பங்குத்தந்தை பல கிளை ஆலயங்களையும், இடையிலுள்ள காட்டுப் பாதைகளையும், மழைக் காலத்தில் நீர் மேவிப் பாயும் தெருக்களையும் சமாளிக்கிறார். இரவு ஒரு மணிக்கு அழைத்து உடனே வரச்சொல்வதைவிட, இரண்டு நாள் முன்னதாக நோயாளியின் பெயரையும், எந்த விடுதி, எத்தனையாவது கட்டில் என்பதையும் அறிவிப்பது எல்லோருக்கும் நல்லது. வீட்டில் முதியவர்களின் கையில் கைபேசி இருப்பதில்லை. நம் கையில்தான் இருக்கிறது. ஆகவே இந்தப் பொறுப்பு இன்று இருபது வயதுக்காரரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் குருக்களைத் துரத்திய பின்னர், 1687 இல் புனித யோசப் வாஸ் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கும்வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள் நம் முன்னோர் பூசுவாரின்றிச் செத்தார்கள். இறுதிப் போரில் குருக்கள் பலர் மக்களோடு பங்கருக்குள் இருந்தார்கள். செல் விழும் நேரத்திலும் பூசினார்கள். அவர்கள் அலைந்தது எதற்காக என்பதை அறிந்த வன்னிப் பிள்ளைகள், ஓர் அழைப்பைத் தள்ளிப்போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நேர்த்தி வைத்துவிட்டு ஒளித்துத் திரிவது

நிறைவேற்ற முடியாத நேர்த்தியைப் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நியாயமான காரணம் இருந்தால், தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கத் திருச்சபைச் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

பதினெட்டு வயதானதைக் கவனியாமல் விடுவது

விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி (நோன்பு) இருக்கும் கடமை 18 வயது நிறைந்ததும் தொடங்குகிறது.

மண்டபத்தை முதலில் பிடித்துவிட்டுச் சுவாமியிடம் போவது

வன்னியில் சைவப் பிள்ளையை விரும்பி மணப்பது அரிதான காரியமன்று, அதில் பழி சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் திருமுழுக்குப் பெறாத ஒருவரை ஆலயத்தில் மணம் முடிக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அதற்கு முன் திருமண ஆயத்த வகுப்பு, புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ், ஓலை வாசிப்பு (ஆலயத்தில் திருமண அறிவித்தல்) எல்லாம் இருக்கின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வாழ்பவருக்கு யாழ்ப்பாண மறைமாவட்டமும், வவுனியா, மன்னார் மாவட்டங்களில் வாழ்பவருக்கு 1981 இல் அதிலிருந்து பிரிந்த மன்னார் மறைமாவட்டமும் பொறுப்பு. இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களில் தாய்க்கு ஒரு பங்கிலும் பிள்ளைக்கு இன்னொரு பங்கிலும் பதிவு இருக்கும், சில பதிவேடுகள் போரில் அழிந்தும் போயின. சாட்சிகளைத் தேடிப்பிடிக்கவே மாதங்கள் எடுக்கும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பிறகு வந்து நின்றால், ஆறுதலாக முடிய வேண்டிய காரியம் கண்ணீரில்தான் முடியும்.

"பயந்துவிடுவார்" என்று நாமே தீர்மானிப்பது

அந்தத் தம்பியை அன்றிரவே பங்குத்தந்தையுடன் பேசச் செய்தேன். மறுநாட் காலை, கிளை ஆலயப் பூசையை முடித்துக்கொண்டு சுவாமி மோட்டார் சைக்கிளில் வந்தார். தம்பியின் தாயார் கட்டிலருகே சின்ன மேசை வைத்து, வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவமும்) மெழுகுதிரியும் தீர்த்தப் போத்தலும் ஒரு துண்டுப் பஞ்சும் வைத்திருந்தார். அப்பப்பா எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் செய்தார். நாங்கள் உள்ளே திரும்பியபோது சுவாமி அவருடைய தலைமேல் கைவைத்து மௌனமாக நின்றார். பிறகு சிமிழைத் திறந்து நெற்றியில் எண்ணெய் பூசினார். அடுத்து எங்கே பூசுவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும், யாரும் சொல்லுமுன்பே, கமக்காரனின் காய்த்துப்போன அந்த இரு கைகளையும் விரித்துச் சுவாமியிடம் நீட்டினார்.