ஐப்பசிக்கு முன்னாடி குளத்துக்கரையை ஒரு சுற்று பாருங்க

2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் கொட்டிய மழையில் எத்தனையோ குளங்கள் உடைந்தன. அதனால் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் முன்பே கரையை நடந்து பார்த்துவிடுங்கள்.

முதலில் மறுகால், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி. மண்கரைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் கரை அரித்துக்கொண்டே போய்விடும், அது நடக்காமல் காப்பது மறுகால்தான். கூடுதலாகத் தண்ணீர் நிற்கட்டும் என்று அங்கே மணல் மூட்டை அடுக்கியிருந்தால், யார் வைத்ததாக இருந்தாலும் பேசி எடுக்க வையுங்கள். அப்புறம் கரையின் மேல்மட்டம்: வண்டித்தடம் பட்டுத் தாழ்ந்த இடத்தில்தான் முதலில் வழியும்.

கரையின் வெளிப்பக்க அடியைக் குனிந்து பாருங்கள். கசிவு தெளிவாக, ஒரே அளவாக வந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கி, சுற்றிலும் பொடிமண்ணைக் குவித்துக்கொண்டு கொப்பளித்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம், உடனே நீர்வளத்துறைக்கும் தாசில்தாருக்கும் சொல்லுங்கள். அந்த வாயைக் களிமண் போட்டு அடைக்கவே கூடாது, தண்ணீர் வேறு வழி தேடும். சுற்றிலும் மூட்டையை வளையமாக அடுக்கி உள்ளே தண்ணீரை உயரவிட்டால் வேகம் குறையும். மடையின் இரு பக்கமும் இதே மாதிரி பாருங்கள், கட்டடமும் மண்ணும் சேரும் இடம் எப்போதும் பலவீனம்.

எலி வளை, நண்டு வளையைக் கோடையிலேயே தோண்டி, மண்ணை அடுக்கடுக்காகத் திமிசுபோட்டு இறுக்குங்கள். கரையில் நிற்கும் பெரிய உடைமரத்தை வெறுமனே வெட்டிவிட்டுப் போகாதீர்கள், வேர் மக்கினால் அதுவே தண்ணீருக்கு வழி.