சித்தப்பாவோடு ஒரு நாள் நடக்க, நீண்ட மலைப்பாதையில் எந்தப் பகுதி?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் மாதிரி 14 மாநிலங்களைத் தாண்டி 3,500 கிலோமீட்டர் ஓடும் பாதையை யாரும் ஒரு லீவில் முடிக்கப் போவதில்லை, பத்து நாளைக்கு வந்திருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு பகல் நடை போதும். ஆனால் போட்டோவைப் பார்த்து மயங்கிப் பகுதியைப் பிடிக்காதீர்கள். வரைபடத்தில் உயரக்கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) எங்கே நெருங்கி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று பாருங்கள், மூச்சு வாங்கும் இடம் அதுதான்.

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதாவது 600 மீட்டர் ஏறும் 10 கிலோமீட்டர் பாதைக்கு மூன்று மணி நேரம். இது தெம்பான ஆள் நிற்காமல் நடக்கும் கணக்கு. சித்தப்பா நிற்பார், போட்டோ எடுப்பார், பழைய கதை சொல்வார், அதனால் நான் ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்வேன்.

அழகான காட்சி முதல் பாதியிலேயே வரும் பகுதியாகப் பாருங்கள். முடியவில்லை என்றால் அப்படியே திரும்பிவிடலாம். செங்குத்தான இறக்கத்தில் முடியும் பகுதி வேண்டாம், களைத்த முழங்கால் அங்கேதான் மக்கர் பண்ணும்.

ஒரு வழி நடை என்றால் காரை முடியும் இடத்தில் விட்டுவிட்டு, தொடங்கும் இடத்துக்கு வாடகை வண்டியில் போங்கள். அப்புறம், விமானத்தில் வந்து இறங்கிய மறுநாளே கிளம்ப வேண்டாம்.