‘கிணறு மூவருக்கும் பொது’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள்

சேலத்தில் பத்திரம் எழுதுவது என் தொழில். சொத்துத் தகராறு என்று வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கையில் பத்திரத்தோடுதான் வருகிறார்கள். சண்டை, அதில் எழுதாமல் விட்டதைப் பற்றி.

வாழப்பாடிப் பக்கம் ஒரு தோட்டம். ஆறு ஏக்கர், மூன்று அண்ணன் தம்பிகள், ஆளுக்கு இரண்டு. செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை விவரம், எல்லாம் சுத்தம். கிணற்றுக்கு மட்டும் ஒரே வரி: ‘கிணறு மூவருக்கும் பொது.’ கிணறு இருப்பது நடுவுள்ளவர் பாகத்தில். இலவச மின் இணைப்பு, காலமாகிவிட்ட அப்பா பெயரில். எந்த நாள் யார் முறை, பைப் யார் நிலத்தின் வழியாகப் போகும், மோட்டார் காயில் எரிந்தால் யார் செலவு, தூர் வாரிய மண்ணை எங்கே கொட்டுவது, ஒன்றும் கிடையாது. மழை பெய்த வருடங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை. ஒரு சித்திரையில் தண்ணீர் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை, கடைசித் தம்பியின் மரவள்ளி காய்ந்தது, நடுவுள்ளவர் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். இப்போது மூவரும் ஆளுக்கொரு வக்கீல் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கிணற்றில் 3-ல் 1 பாகம், முறை நாள், பைப் பதிக்கும் பாத்தியம், மின் இணைப்பின் சர்வீஸ் எண் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். பாதையை ‘மாமூல் தடம்’ என்று விடாதீர்கள். அந்த மாமூல் மாட்டு வண்டிக் காலத்தது, இன்று டிராக்டர் திரும்ப வேண்டும். எத்தனை அடி அகலம், எந்தப் பக்கம் என்று இருக்கட்டும். ஏற்காட்டில் இது இன்னும் சிக்கல். காபித் தோட்டத்தை ஏக்கர் கணக்கில் சமமாகப் பிரித்தால் சமமாகாது. ரோட்டோரத் துண்டு, ஊற்று இருக்கும் துண்டு, சில்வர் ஓக் நிறைந்த துண்டு, மூன்றும் மூன்று விலை. ‘மரம் அண்ணனுக்கு, நிலம் தம்பிக்கு’ என்று பேசி முடித்துவிட்டு, அந்த மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி யாருடையது என்று கேட்டு வந்தவர்களும் உண்டு.

அடுத்தது பெண் பிள்ளைகள். ‘சீர் செஞ்சு அனுப்பியாச்சு, 1989-க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கிடையாது’ என்பதை இன்றும் வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். 1989 மார்ச் 25 என்பது இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின் தேதி. அன்று திருமணமாகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது அது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டையே எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாலோ பாகம் முடிந்திருந்தால் மட்டும் கதை வேறு. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போன சொத்துக்கோ இந்தத் தேதிகள் எதுவும் பொருந்தாது. மகளுக்கும் மகனுக்கும் 1956-லிருந்தே சம பங்குதான். தங்கச்சிக்கு வேண்டாம் என்றால் அது அவர் வாயால் வரட்டும், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக முறையாக விடுதலைப் பத்திரம் பதியுங்கள். பொங்கலுக்கு வந்தவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது பின்னால் உங்கள் கழுத்துக்கே வரும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் மக்கள்) பட்டியல் பழங்குடியினர். இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்கு நேரடியாகப் பொருந்தாது, அவர்களுடைய வழக்காறு, அதாவது காலங்காலமான பழக்கம், பார்க்கப்படும். ஆனால் பெண்களை விலக்கும் வழக்காறு நிரூபிக்கப்படாதபோது பங்கை மறுக்க முடியாது என்று 2025-ல் ஒரு கோண்டு பழங்குடிக் குடும்பத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘எங்க சனத்துல பொண்ணுக்குக் கிடையாது’ என்று வாயால் சொன்னால் போதாது.

யாருமே நினைத்துப் பார்க்காத ஆள், அம்மா. இந்துக் குடும்பத்தில் மகன் உயில் இல்லாமல் இறந்தால், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அவன் அம்மாவுக்கும் 4-ல் 1 பங்கு. அப்பாவுக்கு இல்லை. அந்தப் பங்கைத் தீர்க்காமல் அந்த அம்மாவும் காலமானால், அது அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். மைத்துனர்கள் கையெழுத்தில்லாமல் வீட்டை விற்க முடியாமல் அலையும் மருமகள்களைப் பார்த்திருக்கிறேன்.

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனால் சாட்சிகள் இருவர் கட்டாயம். அவர்களில் ஒருவராவது பிறகு கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். 75 வயதுக்காரர் தன் வயது நண்பர்கள் இருவரையே சாட்சி போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உங்களை விட இளையவர்களாகப் பிடியுங்கள். சொத்து பெறுகிறவரைச் சாட்சி போடாதீர்கள், கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அவருக்கு எழுதியதே செல்லாமல் போகும். பதிந்து வைப்பது நல்லது என்பேன்.

உயிலுக்குப் பதிலாக, உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதச் சொல்லிப் பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். உயிலை நாளைக்கே மாற்றலாம், செட்டில்மென்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள். அந்த ஒரு வரி இருந்தால், பிள்ளை கைவிட்டபோது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போகலாம். ‘எம் பையன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான்’ என்பார்கள். சரி, செய்யாவிட்டால் அந்த வரி யாருக்கும் இடைஞ்சலாக இருக்கப் போவதில்லையே.

பட்டா பெயர் மாறிவிட்டதால் சொத்து தனக்கே என்று நினைப்பதும், பேங்கில் நாமினி என்பதால் பணம் முழுக்கத் தனக்கே என்று நினைப்பதும் ஒரே வகைத் தவறு. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. பேங்க் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்.

பாகப்பிரிவினையைச் செலவுக்குப் பயந்து கூர்ச்சீட்டோடு, அதாவது பதியாத பாகப் பட்டியலோடு, விடுகிறார்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பாகம் ஒன்றுக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் பாகம் ஒன்றுக்கு அதிகபட்சம் 10,000. வக்கீல் ஃபீஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போய்விட்டீர்களா? பாக வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பு பங்கு எத்தனை என்று மட்டும் சொல்லும். கோர்ட் நியமிக்கும் கமிஷனர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பு வாங்குவது இன்னொரு சுற்று. இடையில் எப்போது வேண்டுமானாலும் சமரசத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும். போகும்போது கிணற்று முறையை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.