நம்ம பாசஞ்சர் வண்டியை கேமில் ஓட்ட ஆசையா? ரூட் முன்மொழிவு எழுதும் முறை

ரயில் சிமுலேட்டருக்கு (கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டுக்கு) ரூட், அதாவது தண்டவாளமும் ஸ்டேஷனும் சுற்றுப்புறமும் சேர்ந்த பாதை, கட்டுகிறவர்களிடம் "எங்கள் ஊர்ப் பாதையைச் செய்யுங்கள்" என்று கேட்டால் மட்டும் வேலை நடக்காது. நான் அப்படித்தான் முதலில் கேட்டேன். கன்னியாகுமரி முதல் திருவனந்தபுரம் வரை 87 கிலோமீட்டர், எல்லா ஸ்டேஷனும், எல்லா எக்ஸ்பிரஸும் வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியல். ஒரு பதில்கூட வரவில்லை. இப்போது யோசித்தால், எனக்கே அதைப் படிக்கப் பொறுமை இருந்திருக்காது. இரண்டாம் முறை நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாசஞ்சரை மட்டும் வைத்து வேறு மாதிரி எழுதினேன். அதன் வழி இது.

1. வரைபடத்தை மூடி வையுங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து தொடங்குங்கள்

விளையாடுகிறவருக்கு என்ன வேலை இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நாகர்கோவில் ஜங்ஷன், நாகர்கோவில் டவுன், வீராணி ஆளூர், இரணியல், பள்ளியாடி, குழித்துறை, குழித்துறை மேற்கு, பாறசாலை என்று தொடங்கி திருவனந்தபுரம் வரை 71 கிலோமீட்டரில் 14 நிறுத்தங்கள். சராசரியாக ஐந்தரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை பிரேக் பிடிக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் ஓட்டுகிறவருக்கு இது கிடைக்காது. காலையில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிற கூட்டம்தான் இந்த வண்டியின் கதை. புறநகர் ரயில் என்றால் சென்னைக் கடற்கரையும் தாம்பரமும் மட்டுமல்ல என்று சொல்ல இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

2. வெட்டுங்கள்

ஆசையில் பாதியை அல்ல, முக்கால்வாசியை வெட்டுங்கள். நான் ஜங்ஷனிலிருந்து குழித்துறை வரை, ஆறே ஸ்டேஷன்கள் என்று நிறுத்திக்கொண்டேன். மீதியை "பிறகு நீட்டலாம்" என்று ஒரு வரியில் சொன்னால் போதும். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் ரெயில்ஸ் என்ற சிமுலேட்டரில் நிலப்பரப்பு 2,048 மீட்டர் சதுரங்களாகத்தான் கட்டப்படுகிறது. ஒவ்வொரு சதுரத்திலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து தென்னை மரம் நட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

3. எந்தக் காலம்?

பலரும் விட்டுவிடுகிற இடம் இதுதான். திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரிப் பாதை 1979-இல் திறந்தது. திருநெல்வேலி இணைப்பு 1981-இல் வந்தது. டீசல் காலமா, மின்கம்பி வந்த பிறகா, இரட்டைப் பாதை வேலைக்கு முன்பா பின்பா என்று ஒரே ஒரு காலத்தைச் சொல்லுங்கள். என் வாக்கு ஒற்றைப் பாதைக்கு. எதிர்வண்டிக்காக இரணியலில் பிடித்துப் போட்டுவிட்டு, எல்லோரும் எட்டி எட்டிப் பார்ப்போமே, அந்தக் கிராசிங் காத்திருப்பு இல்லாத நாகர்கோவில் பாசஞ்சர் என்ன பாசஞ்சர்?

மின்கம்பிக் காலம் என்றால் மெமு வண்டியை (தனி எஞ்சின் இல்லாத மின்சார ரயிலை) கேளுங்கள். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் கடைசி ஸ்டேஷனில் எஞ்சின் மாற்றும் வேலை மிச்சம்.

4. ஜன்னலோரம் உட்கார்ந்து தகவல் எடுங்கள்

போனில் ஜிபிஎஸ் பதிவை ஓட விட்டு ஒரு தடவை போங்கள். மறு பக்க ஜன்னலில் உட்கார்ந்து திரும்பி வாருங்கள். மின்கம்பங்களில் எழுதியிருக்கும் எண்களைக் கவனியுங்கள். முதல் எண் கிலோமீட்டர், அடுத்தது அதற்குள் கம்பத்தின் வரிசை. பாலம், கேட், சிக்னல் எதுவானாலும் பக்கத்துக் கம்பத்தின் எண்ணோடு குறித்தால் கட்டுகிறவருக்கு இடம் தப்பாது. பாதையோரச் சரிவுப் பலகைகளையும் விடாதீர்கள். மெமு ஏறுவதும் இறங்குவதும் அதில்தான் இருக்கிறது.

தண்டவாளத்தில் இறங்கி நடந்து அளக்க வேண்டாம். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி அது குற்றம். அதற்கு மேல், அது உயிர் போகிற விஷயம்.

பாதையின் கோட்டை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய வரைபடத்திலிருந்து எடுக்கலாம். மூலத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். கூகுள் செயற்கைக்கோள் படத்தை வெட்டி ஒட்டினால் உரிமைப் பிரச்சினை வரும்.

5. ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்ததை எழுதுங்கள்

கட்டுகிறவர் வேறு ஊரில் இருப்பார். அவருக்கு இது வெறும் பச்சைப் பட்டை. செம்மண் மேட்டை வெட்டிப் போன பாதை, இரு பக்கமும் ரப்பரும் வாழையும், ஓட்டு வீடுகள், குழித்துறைத் தாமிரபரணிப் பாலம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். (திருநெல்வேலித் தாமிரபரணி வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாராவது குழப்பிக்கொள்வார்கள்.) கிழக்கே சுசீந்திரம் பக்கம் போனால் காட்சி மாறி வயலும் குளமும் கோபுரமும் வந்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஆகவே மழைக் காட்சி கட்டாயம். பனிக்கால மரங்களை அவர்கள் செய்யவே வேண்டாம், அந்த வேலை லாபம்.

ஜங்ஷனைத் தனியாக விளக்குங்கள். திருவனந்தபுரத்திலிருந்து வரும் வண்டி கன்னியாகுமரிக்கு நேராகப் போகும். திருநெல்வேலிக்கு என்றால் ஜங்ஷனில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வராமல் டவுன் வழியாகவே திரும்ப வேண்டும். இதைக் கையால் ஒரு படம் போட்டுக் காட்டுங்கள். என் படம் அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனால் முதலில் வந்த கேள்வியே அதைப் பற்றித்தான்.

6. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

முதல் பத்தி இப்படி இருக்கலாம்: "நாகர்கோவில் ஜங்ஷன் முதல் குழித்துறை வரை, ஒற்றைப் பாதைக் காலம், ஆறு ஸ்டேஷன்கள். காலை பாசஞ்சர், இரணியலில் ஒரு கிராசிங். ஜிபிஎஸ் பதிவும் கம்ப எண் பட்டியலும் தயார். ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளை நான் வரைந்து தருகிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பலகையோ, டைம்டேபிளோ, சோதனை ஓட்டமோ, உங்களால் முடிந்த ஒரு வேலையைக் கையில் எடுங்கள். ஓப்பன் ரெயில்ஸில் டைம்டேபிளை எக்ஸெல் மாதிரி அட்டவணையிலேயே தயாரிக்கலாம். புதியவர்களுக்கு அதுதான் சுலபம்.

படங்களை அனுப்பும்போது கோப்பின் பெயரில் ஸ்டேஷனும் கம்ப எண்ணும் இருக்கட்டும். போன் வைத்த பெயரிலேயே 300 படங்களை அனுப்பிவிட்டு, அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பெயர் மாற்றிக்கொண்டிருந்தேன்.