நாளைய அறிவியல் வகுப்புக்கு இன்று மாலை என்ன செய்வது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் அணைந்தது, தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "எரியும்போதுதானே டீச்சர் ஆக்சிஜன் தீரும்? அப்போ தண்ணீர் சும்மாதானே இருந்தது. அணைஞ்ச பிறகு ஏன் சட்டுன்னு ஏறிச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். பட்டம் வாங்கியிருந்தேன், பாடத்தை இரண்டு முறை படித்திருந்தேன், பாடக்குறிப்பும் அழகாக எழுதியிருந்தேன். ஆனால் அந்தச் சோதனையை ஒருமுறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

அன்று இரவு வீட்டில் ஏழெட்டு முறை செய்து பார்த்தேன். டம்ளரைக் கவிழ்க்கும்போதே சுடரின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. கொஞ்சம் வெளியேறியும் விடுகிறது. விளிம்பில் குமிழிகள் வருவதைக் குனிந்து பார்த்தால் தெரியும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடும். சந்தேகமாக இருந்தால் அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள்: தண்ணீர் இன்னும் மேலே ஏறும். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் ஒன்று வைத்தாலும் மூன்று வைத்தாலும் ஒரே அளவுதானே ஏற வேண்டும்?

அதற்குப் பிறகு என் தயாரிப்பு மாறிவிட்டது. முதல் வேலை, புத்தகத்தை மூடிவிட்டுப் பாடத்தை வாய்விட்டுச் சொல்வது. வரையறைகள் தடங்கலில்லாமல் வந்துவிடும். "அதனால்", "ஏனென்றால்" வரும் இடங்களில்தான் நாக்கு தடுக்கும். அந்த இடங்களை மட்டும் பென்சிலால் குறித்து வைத்துப் படியுங்கள். கொதிக்கும் நீரில் எழும் பெரிய குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். காற்று என்போம், சிலர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார்கள். உள்ளே இருப்பது நீராவி. இதில் நீங்கள் தடுமாறினால் நிலைமாற்றம் பாடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

அப்புறம், பிள்ளைகள் ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டு வருவார்கள் என்று யோசியுங்கள். காலி மண்டையோடு யாரும் வகுப்புக்கு வருவதில்லை. பூமி சூரியனுக்கு அருகே வரும்போது கோடைக்காலம் என்று பாதிப் பேர் நம்புவார்கள். "இல்லை, அச்சின் சாய்வுதான் காரணம்" என்று எடுத்தவுடனே சொன்னால் எழுதிக்கொள்வார்கள், நம்ப மாட்டார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. அப்படியானால் வடகோளத்தில் ஜனவரி ஏன் குளிர்கிறது? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். பிறகு 23.5 டிகிரி சாய்வைச் சொன்னால் காது கொடுப்பார்கள்.

மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்பதும் அப்படித்தான். அதற்கு நான் பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானி வான் ஹெல்மான்ட்டைக் கூட்டி வருவேன். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது, மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அதுவும் தப்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவில்லை. கவனமாக அளந்தவரும் தப்பாக முடிவெடுக்கலாம் என்பது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போகும்.

சோதனையை முந்தின நாளே செய்துவிடுங்கள். வகுப்பில் எடுக்கப்போகும் அதே பாட்டில், அதே விளக்கு. இலையில் ஸ்டார்ச் பார்க்கும் சோதனைக்கு, இருட்டில் வைக்க வேண்டிய செடியை இரண்டு நாள் முன்பே உள்ளே வைக்க வேண்டும். தடித்த இலை வேண்டாம், மெல்லிய இலையாகப் பறியுங்கள். இலையின் பச்சை நிறத்தைப் போக்க ஊற்றும் ஆல்கஹாலை நேராகத் தீயில் காட்டவே கூடாது. விளக்கை அணைத்துவிட்டு, சுடுநீர் முகவைக்குள், இலையும் ஆல்கஹாலும் உள்ள சோதனைக்குழாயை இறக்குங்கள். நிறம் போக எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். எனக்கு ஒருமுறை இலை வெளுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

பாடக்குறிப்பை நீட்டி எழுத வேண்டாம். தொடக்கக் கேள்வி ஒன்று, பிள்ளைகள் சொல்லப்போகும் தப்பான பதில், அதை அசைக்கும் ஒரு சோதனை. எனக்கு அரைப் பக்கம் போதும்.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். மறுநாள் மூன்று மெழுகுவர்த்திகளோடு போய் அவளையே முன்னால் வந்து செய்யச் சொன்னேன். முதலில் ஒன்று, பிறகு மூன்று. டம்ளரில் இரண்டு கோடு போட்டாள். "அப்போ நேத்து நீங்க சொன்னது தப்பா டீச்சர்?" என்றாள். "தப்புதான், அடிச்சிட்டு எழுது" என்றேன். நாற்பது பேனாக்களும் சந்தோஷமாக அடித்தன.