அலைவுறும் தொகையீட்டுச் செயலி: எல்பீ வரம்பை நிறுவும் முறை

ஒரு மாறியில் தொடங்குவோம். கெர்னல் (செயலி ஒரு சார்போடு பெருக்கித் தொகையிடும் எடை) 1/(ச−த). அதோடு பெருகும் அலைவுக் காரணி e^(i·கட்டம்); கட்டம் ல·ச·த, ல சுழியல்லாத மெய்யெண். இவற்றை த-வின் ஒரு சார்போடு பெருக்கி, த-வைப் பொறுத்து, முதன்மை மதிப்பாகத் (த = ச புள்ளியை இருபுறமும் சமமாக விலக்கி எல்லை எடுத்து) தொகையிட வேண்டும். பீ 1-க்கும் முடிவிலிக்கும் இடையே இருந்தால் செயலியின் எல்பீ நார்முக்கு (சார்பின் மட்டு மதிப்பின் பீ-ஆம் அடுக்கைத் தொகையிட்டு பீ-ஆம் மூலம் எடுக்கும் அளவை அது அதிகபட்சம் எத்தனை மடங்காக்கும் என்பதற்கு) ல-வைச் சாராத வரம்பு உண்டு என்று காட்டுவோம். எந்தப் பல்லுறுப்புக்கோவைக் கட்டத்துக்கும் இது பொருந்தும், வரம்பு அதன் படியை மட்டுமே சார்ந்தது என ரிச்சியும் ஸ்டைனும் 1987-இல் நிறுவினார்கள். ச·த = ச²/2 + த²/2 − (ச−த)²/2 எனப் பிரிக்கும் குறுக்குவழி இங்கே உண்டு; ச²·த³ வந்தால் அது கைகொடுக்காது. நீள வழியையே பழகுங்கள்.

ச, த இரண்டையும் √|ல| ஆல் அளவு மாற்றுங்கள். செயலியின் நார்ம் மாறாது, ல மட்டும் ±1 ஆகிவிடும். 1 என்றே கொள்வோம். பிறகு |ச−த| = 1 அருகே வழவழப்பான சார்பால் இரண்டாக வெட்டுங்கள். கூர்மையாக வெட்டினால் பின்னால் பகுதித் தொகையிடல் தடைப்படும்.

அருகுப் பகுதி: உள்ளீட்டுச் சார்பை 1 நீளமுள்ள இடைவெளிகளாகத் துண்டாக்குங்கள். ஓர் இடைவெளியின் நடு ம என்றால்,

ச·த = (ச−ம)(த−ம) + ம·ச + ம·த − ம²

கடைசி மூன்று உறுப்புகளின் காரணிகளுக்கு மட்டு 1, நார்மைத் தொடாது. முதல் உறுப்புக்குப் பதில் (த−ம)² வைத்தால் பிழை |த−ம|·|ச−த|-ஐத் தாண்டாது. அது கெர்னலின் கீழே உள்ள ச−த-வை அடித்துவிடும். மிஞ்சுவது வெட்டப்பட்ட ஹில்பர்ட் உருமாற்றம் (அலைவில்லாத 1/(ச−த) கெர்னல்), அதன் வரம்பு தெரிந்ததே. ம-வைக் கழிக்க மறந்தால் பிழை |த| அளவுக்குப் பெருகும்; அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

தொலைவுப் பகுதி: தூரம் ர = 1, 2, 4, 8… எனத் துண்டாக்குங்கள். மட்டு மதிப்பு எடுத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு மாறிலி தரும், கூட்டுத்தொகை விரியும். அலைவைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். துண்டை அதன் அட்ஜாயிண்டுடன் (ச, த இடம் மாறி, கட்டத்தின் குறியும் மாறிய செயலி) சேர்த்து ச-வில் தொகையிட்டால் கட்டம் ச·(த−த′). வீச்சு 1/ர², நீளம் ர. பகுதித் தொகையிடலை இருமுறை செய்தால் கெர்னல் (1/ர)·(1+ர|த−த′|)⁻²-இன் மாறிலி மடங்குக்குள் அடங்கும். த′-வில் தொகையிட 1/ர². அதன் வர்க்கமூலமாகத் துண்டின் எல்2 நார்ம் 1/ர அளவு. எல்1, எல்முடிவிலி இரண்டிலும் உள்ள மாறிலி வரம்போடு ரீஸ்–தோரின் இடைச்செருகலைச் (இரு முனை வரம்புகளிலிருந்து இடைப்பட்ட பீ-க்கு வரம்பு தரும் தேற்றம்) செய்தால் ர-இன் எதிரடுக்கு கிடைக்கும்: 2/பீ, 2−2/பீ இவற்றில் சிறியது. பெருக்குத் தொடராகக் கூடிவிடும்.

பீ = 1 எனில் அடுக்கு சுழி, கூட்டல் நிற்காது. அங்கே கிடைப்பது பலவீன வரம்புதான் (வெளியீடு ஒரு மட்டத்தைத் தாண்டும் கணத்தின் அளவுக்கு மட்டும்). சனில்லோவும் கிறைஸ்டும் 1987-இல் காட்டியது.

ச²·த³ போன்ற கட்டத்தில் ம-வைக் கழித்தபின் மிஞ்சும் உறுப்புகள் குறைந்த படியின, ஆனால் ஒரு மாறியில் அடங்காதவை. அவற்றுக்குப் படிமீது தொகுத்தறிதல் தேவை. தொலைவில் கட்டத்தின் வகைக்கெழு சுழியாகலாம். பகுதித் தொகையிடலுக்குப் பதில் வான் டெர் கார்புட் துணைத்தேற்றத்தை (ஓர் உயர் வகைக்கெழு சுழியிலிருந்து விலகியிருந்தால் அலைவுத் தொகையீடு சிறிது என்பது) போடுங்கள். ர-இன் அடுக்கு சிறுத்துப் பின்னமாகும், ஆனாலும் தொடர் கூடும்.