ஆய்வுக் கட்டுரைக்குக் காசு கட்டும் முன்

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் மாமா போன வாரம் போன் செய்தார். அரபிகா செடியைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டதாம். திறந்தால் டாலரில் காசு கேட்கிறதாம். "கட்டிடாதீங்க மாமா" என்றேன்.

முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் (ஆய்வுக் கட்டுரைகளுக்கென்றே கூகுள் வைத்திருக்கும் தேடுபொறி) தேடுங்கள். வலது பக்கம் பிடிஎஃப் என்று வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால், கீழே சின்னதாக இருக்கும் 'வெர்ஷன்ஸ்' இணைப்பைத் தட்டுங்கள். ஆசிரியரே தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் போட்டு வைத்த பிரதி பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். மருத்துவ விஷயம் என்றால் பப்மெட் சென்ட்ரல் என்ற இணையதளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையதளம். இரண்டும் இலவசம்.

வீட்டில் யாராவது அரசுக் கல்லூரியில் படித்தால் இன்னும் சுலபம். மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 ஜனவரி 1 முதல் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்வு இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. சேலத்துப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதே இல்லை! நூலகரிடம் கேளுங்கள்.

எதுவும் கிடைக்கவில்லையா? எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். முகவரி பெரும்பாலும் கட்டுரைப் பக்கத்திலேயே இருக்கும். நீங்கள் கட்டும் காசில் அவருக்குப் பைசா போவதில்லை, அதனால் தயங்க வேண்டாம்.

அப்புறம், 'ப்ரீபிரிண்ட்' என்று போட்டிருந்தால் அதைச் சக ஆய்வாளர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். அதை நம்பித் தோட்டத்தில் மருந்தடிக்காதீர்கள்.